கடைசிச் சொல்லுக்குக் காற்று: பேசுமுன் உடல் மூச்சை ஆயத்தம் செய்வதும், அதை நாம் பழகிக்கொள்வதும்

பென்னாகரம் வட்டாரத்தில் தமிழாசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்து தருமபுரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிச் செல்வதும் என் தலையில் விழும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையில் தன் உரையை இப்படி முடித்தாள்: "எங்கள் ஊர் ஏரியில் தேங்கும் தண்ணீரை அடுத்த கோடைவரை காப்பாற்றும் பொறுப்பை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிட நாங்கள் தயாராக இல்லை." முடித்தாள் என்று நான்தான் சொல்கிறேன். நடுவர்கள் காதில் "தயாராக" வரைதான் விழுந்தது. "இல்லை" அவள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. "பிள்ளை நன்றாகப் பேசியது. ஆனால் அரசாங்கத்திடமே விட்டுவிடலாம் என்கிறதே, அது ஏன்?" என்று ஒரு நடுவர் என்னிடம் கேட்டார்.

தவறு அவளுடையதல்ல. மேடை ஏறுவதற்கு முன், "நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கு, கண்ணு" என்று சொல்லி அனுப்பியவன் நான். அந்த அறிவுரை எவ்வளவு பிழையானது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

தமிழ் வாக்கியத்தில் தீர்ப்பு கடைசியில் இருக்கிறது. செய்தானா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டாமா, நேற்றா நாளையா எல்லாமே வினைமுற்றில்தான் தெரியும். மூச்சும் அதே இடத்தில்தான் தீர்ந்துபோகிறது. ஆகவே தமிழில் பேசுகிறவருக்கு மூச்சுப் பயிற்சி என்பது எவ்வளவு காற்றை இழுப்பது என்ற கணக்கே அல்ல. கடைசிச் சொல்வரை அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கணக்கு. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: சும்மா இருக்கும்போது உங்கள் மூச்சைப் பாருங்கள்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். வளர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. உள்ளே இழுக்கும் நேரமும் வெளியே விடும் நேரமும் கிட்டத்தட்ட நாற்பதுக்கு அறுபது.

இப்போது யாரிடமாவது இரண்டு நிமிடம் கதை சொல்லிவிட்டு, அப்போது என்ன நடந்தது என்று யோசியுங்கள். கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. பேசும்போது மூச்சை உள்ளே இழுக்க மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. மீதி ஒன்பது பங்கும் வெளியே விடுவதற்கு, அதாவது பேச்சுக்கு. அரை நொடிக்குள் காற்றை வாங்கிக்கொண்டு, அதை மூன்று முதல் ஐந்து நொடிவரை சிறுகச் சிறுகச் செலவழிக்கிறோம். அவசரத்தில் மூக்கை மட்டும் நம்புவதில்லை. பெரும்பாலும் மூக்கும் வாயும் சேர்ந்தே இழுக்கின்றன. "மூக்கால் மட்டும் இழு" என்று மேடைப் பேச்சுக்குப் பாடம் சொல்கிறவர்கள் தாங்கள் பேசும்போது ஒரு முறை கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்கு நாம் கட்டளை இடுவதில்லை. தூக்கத்திலும் மூச்சை ஓட்டுகிற தாளம் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பிறக்கிறது. பேச வேண்டும் என்று நினைத்ததும் பெருமூளை அந்தத் தாளத்தின் மேல் ஏறிக்கொண்டு, உதரவிதானம் என்ற மூச்சுத் தசையையும் விலாத் தசைகளையும் குரல்வளையையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. பேச்சு நின்றதும் முகுளத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாம் படி: ஒலி எழுவதற்கு முந்தைய அந்த ஒரு நொடி

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் மனம் வாக்கியத்தின் நீளத்தை அளக்கிறது. நீண்ட வாக்கியம் வரப்போகிறது என்றால் ஆழமாகவும், "ஆமாம்" என்ற ஒரு சொல் மட்டும் என்றால் அநேகமாக இழுக்காமலேயும் உடல் தொடங்குகிறது. சொற்களை முழுதாகக் கோர்த்து முடிப்பதற்குள்ளேயே இந்த மதிப்பீடு நடந்துவிடுகிறது. உரையாடலைக் கவனித்தால் இதன் வேகம் புரியும். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி அளவிலேயே இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு ஏறத்தாழ 0.6 நொடி தேவை. அப்படியானால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தொடங்கிவிடுகிறோம். அவர் வாக்கியம் முடியும் தறுவாயில் நம் மூச்சும் உள்ளே போகக் காத்திருக்கிறது. வீட்டில் யாராவது வாயைத் திறந்து மூச்சை இழுத்தாலே, "என்ன, ஏதோ சொல்ல வந்தாயே?" என்று கேட்கிறோமே, அது இதனால்தான்.

இரண்டாவதாகக் குரல்வளையில் உள்ள குரல் நாண்கள் அகலமாக விலகி வழி விடுகின்றன. உதரவிதானம் கீழே இறங்குவதற்குச் சற்று முன்பே இது நடக்கிறது. வாசலைத் திறந்து வைத்த பிறகுதான் விருந்தாளி வருகிறார்.

மூன்றாவதாக உதரவிதானம் இறங்குகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல இருக்கும் தசை அது. அதற்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படுகிறது. விலாவிடைத் தசைகள் விலாக்கூட்டை மேலும் பக்கவாட்டிலுமாகத் தூக்குகின்றன.

நான்காவதுதான் பலரும் அறியாதது. காற்று உள்ளே போன பிறகு, ஒலி எழுவதற்கு நொடியின் ஒரு சிறு பங்குக்கு முன், வயிற்றுச் சுவர் மெல்ல உள்ளே செல்கிறது. விலாக்கூடு வெளியே விரிகிறது. அந்த நிலையில் நின்றுகொண்டுதான் குரல் நாண்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஒலி பிறக்கிறது. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதற்கு முன் கால்களை ஊன்றிக்கொள்வதைப் போன்ற ஆயத்தம் இது.

நின்றுகொண்டு சோதித்துப் பாருங்கள். ஒரு கையைத் தொப்புளின் மேலும், மற்றதை விலாவின் கீழ்ப் பக்கத்திலும் வையுங்கள். வழக்கம்போல மூச்சை வாங்கி, "ஒன்று" என்று சொல்லத் தொடங்குங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். ஒலி வருமுன் தொப்புளின் கீழ் ஒரு சிறு இறுக்கம் தெரியும். விலாவில் வைத்த கை உடனே கீழே சரியாது. முதல் முறை தெரியாவிட்டால் பத்து முறை செய்யுங்கள். எனக்கு ஏழாவது முறைதான் தெரிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். இரவு முழுவதும் கிரீடமும் மார்புப் பதக்கமும் தோள்கட்டையும் சுமந்து, சுழன்று ஆடி, சுழன்ற வேகம் தணியுமுன்பே பாட வேண்டிய ஆட்கள் அவர்கள். வயதான கூத்து வாத்தியார் ஒருவரிடம் என் மாணவியின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, குடத்தைக் கழுத்துவரை நிரப்பித் தலையில் வைத்தால் நடக்கும்போது சிந்தாதா?" என்றார். பிறகு தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இங்கே பிடி இருக்க வேண்டும். நெஞ்சில் அல்ல" என்றார். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துக்குரிய காற்று உந்தியிலிருந்து, அதாவது தொப்புளிலிருந்து, எழுவதாகச் சொல்வதைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். நுரையீரல் நெஞ்சில் அல்லவா இருக்கிறது என்று மாணவர்கள் கேட்டால் மழுப்பியும் இருக்கிறேன். காற்று இருப்பது நெஞ்சில். அதற்குப் பிடிமானம் கொடுக்கும் தசை உந்தியைச் சுற்றி.

மூன்றாம் படி: எவ்வளவு அழுத்தம் போதும் என்று அளந்து பாருங்கள்

உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்புங்கள். ஓர் உறிஞ்சுகுழலில், நுனியிலிருந்து 5 செ.மீ. தொலைவில் பேனாவால் கோடு போடுங்கள். கோடுவரை நீரில் அமிழ்த்தி, குமிழி வரும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். ஐந்து நொடி விடாமல் குமிழி வரட்டும்.

இவ்வளவுதான். சாதாரணப் பேச்சுக்குக் குரல் நாண்களின் கீழே தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 5 முதல் 10 செ.மீ. நீரின் அழுத்தம், அதாவது அந்த ஆழத்தில் குமிழி விடத் தேவையான அழுத்தம். குரல் எழுவதற்கே மூன்று, நான்கு செ.மீ. போதும். இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியபோது, "இவ்வளவு லேசாகவா, ஐயா?" என்று கேட்டார்கள். ஆமாம், இவ்வளவு லேசாகத்தான்.

நான்காம் படி: பிரேக் பிடிக்கப் பழகுங்கள்

இப்போது என் பழைய அறிவுரைக்கு வருவோம். நுரையீரலை முழுக்க நிரப்பிவிட்டுத் தசைகளைத் தளர்த்தினால், விரிந்த நுரையீரலும் விலாக்கூடும் தாமாகவே சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கத்தின் அழுத்தம் மட்டுமே 30 செ.மீ. நீருக்கு மேல். தேவை ஐந்தோ பத்தோ, கையில் இருப்பது முப்பது. தொப்பூர் கணவாயில் சரக்கு லாரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் உடனே விளங்கும். ஏற்றத்தில் வண்டிக்குச் சக்தி வேண்டும். இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் ஓட்டுநரின் முழு வேலை.

உடலும் அப்படியே செய்கிறது. பேசுகிறவர்களின் தசை மின்னோட்டத்தை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பதிவு செய்து 1959இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆழ்ந்த மூச்சுக்குப் பிறகு பேச்சு தொடங்கினாலும், மூச்சை உள்ளே இழுக்கும் விலாத் தசைகள் உடனே ஓய்வதில்லை. காற்று கொட்டிவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. காற்று குறையக் குறைய அவை விலகி, வெளியே தள்ளும் தசைகள் பொறுப்பேற்கின்றன. ஒவ்வோர் அசைக்கும் நெஞ்சு தனித்தனியே ஒரு தள்ளு தள்ளுகிறது என்று அதற்கு முன் இருந்த கருத்தை அந்தப் பதிவுகள் ஆட்டம் காணச் செய்தன.

பழகாத பிள்ளையால் இந்தப் பிரேக்கைப் பிடிக்க முடிவதில்லை. முதல் மூன்று சொற்களில் காற்று வெடித்து வெளியேறும். அல்லது விலா செய்ய வேண்டிய வேலையைத் தொண்டை ஏற்றுக்கொண்டு, குரல் நெரிபடும். என் மாணவிக்கு இரண்டும் நடந்தன.

சரியான அளவு என்ன? நம்மால் முழுக்க இழுத்து முழுக்க விடக்கூடிய காற்றை நூறு என்று வைத்துக்கொண்டால், அமைதியாக மூச்சை விட்டு முடிக்கும்போது உள்ளே 35 முதல் 40 பங்கு மிச்சம் இருக்கும். சாதாரணப் பேச்சு 60 பங்கு அளவில் தொடங்கி அந்த மிச்சத்தின் அருகில் முடிகிறது. அதற்குக் கீழேயும் போக முடியும், ஆனால் அங்கே தசைகள் காற்றைப் பிழிந்து எடுக்க வேண்டும். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசிச் சொல் தேயும். "ஒரே மூச்சில் பேசிவிட்டான்" என்பதைப் பாராட்டாகச் சொல்வது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பயிற்சி இதுதான். வழக்கமான மூச்சைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்" என்று பதினைந்து நொடி ஒரே சீராக விடுங்கள். தொடக்கத்தில் சீறினால் பிரேக் பிடிக்கவில்லை. முடிவில் நடுங்கினால் மிச்சத்தையும் தாண்டிப் பிழிகிறீர்கள். இரண்டும் இல்லாமல் வரும்வரை செய்து, பிறகு அதே பிடியில் ஒன்று முதல் பதினைந்துவரை எண்ணுங்கள். பதினைந்து என்ற சொல் ஒன்று என்ற சொல்லின் அளவுக்குக் கேட்க வேண்டும்.

மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் புத்தகம் வைத்து ஏற்றி இறக்கும் பயிற்சியைப் பலர் பரிந்துரைப்பார்கள். மனம் அமைதியாக அது நல்லது. ஆனால் மேடைப் பேச்சுக்கு அதை நான் கற்றுக்கொடுப்பதில்லை. படுத்திருக்கும்போது புவியீர்ப்பே வயிற்றை உள்ளே தள்ளிக்கொடுக்கிறது, ஆகவே வயிற்றுத் தசைகள் சும்மா கிடக்கின்றன. நிற்கும்போது அவைதான் பேச்சு முழுவதும் மெல்லிய இறுக்கத்தோடு வேலை செய்ய வேண்டும். அந்த இறுக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அது உதரவிதானத்தை மேலே ஏற்றி வைக்கிறது. அதனால் அடுத்த மூச்சுக்கு அது சட்டென்று இறங்க முடிகிறது. படுத்துப் பழகியவரை நிறுத்திப் பேசவைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: உரையில் மூச்சுக்கு இடம் குறியுங்கள்

உரையை எழுதி முடித்ததும் பென்சிலை எடுங்கள். மூச்சு வாங்கும் இடம்தோறும் ஒரு சாய்கோடு. எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதற்கு இலக்கணமே வழி சொல்கிறது.

வினையெச்சத்துக்குப் பின் போடலாம்: "மழை பெய்து / ஏரி நிரம்பி / மதகு திறந்தபோது". பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் நடுவே போடக் கூடாது. "தேங்கும் / தண்ணீரை" என்று வெட்டினால் கேட்பவர் மனத்தில் வாக்கியம் உடைகிறது. வினைக்கும் அதன் எதிர்மறைக்கும் நடுவே ஒருபோதும் கூடாது. "தயாராக / இல்லை" என்று மூச்சு வாங்கிச் சொன்னால், அந்தக் கணப்பொழுதில் அவையில் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். அச்சில் உள்ள காற்புள்ளியை அப்படியே நம்பவும் வேண்டாம். அது கண்ணுக்குப் போடப்பட்டது.

என் மாணவியின் வாக்கியத்தை இப்போது நான் இப்படிக் குறிப்பேன்: "எங்கள் ஊர் ஏரியில் தேங்கும் தண்ணீரை அடுத்த கோடைவரை காப்பாற்றும் பொறுப்பை / அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிட நாங்கள் தயாராக இல்லை." ஒரே ஒரு கோடு. அங்கே வாங்கும் அரை நொடி மூச்சு போதும், "இல்லை" தெளிவாக விழும். வாக்கியத்தையே இரண்டாக உடைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்த உரையை எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்பதால் இதைத் தாழ்ந்த குரலில் சொல்கிறேன்.

கூத்தில் இந்தச் சாய்கோட்டின் வேலையைப் பின்பாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். வேடக்காரர் ஓர் அடியைப் பாடி நிறுத்த, அவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது இசை. ஆடிக் களைத்தவருக்கு மூச்சு வாங்கக் கிடைத்த நேரம். பேச்சு மேடையில் பின்பாட்டு இல்லை. கைதட்டல் வருமிடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் அதைப் பின்பாட்டாக்கிக்கொள்கிறார்கள்.

சிறு பிள்ளைகளுக்குக் கோடுகளை நெருக்கமாகப் போடுங்கள். ஏழெட்டு வயதில் நுரையீரல் சிறியது. அதற்கு மேல், ஒவ்வோர் அசைக்கும் பெரியவர்களைவிடக் கூடுதல் பங்கு காற்றைச் செலவழிக்கவும் செய்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பட்டிமன்ற வாக்கியங்களை மனப்பாடம் செய்யக் கொடுப்பது அதன் நெஞ்சுக்குச் செய்யும் கொடுமை.

ஆறாம் படி: உரக்கப் பேச வேண்டியபோது

பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த சுப்பிரமணிய சிவா, ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் பேசியவர். பேச்சுக்காகவே 1908இல் சிறை சென்றவர். அவர் காலத்தில் உரத்த குரல் என்பது பேச்சாளரின் அடிப்படைத் தகுதி. இன்று மைக் இருக்கிறது. ஆனால் பள்ளி மைதானத்தில் அது பாதி நேரம் வேலை செய்வதில்லை.

உரக்கப் பேச மூச்சின் தொடக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். 60 பங்குக்குப் பதில் 70, 80 பங்கு. இங்கேதான் ஆழ்ந்த மூச்சுக்கு நியாயம் உண்டு, ஏனென்றால் கூடுதல் அழுத்தம் இங்கே வீணாவதில்லை. அழுத்தம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ எட்டு, ஒன்பது டெசிபெல் கூடுகிறது. கழுத்தை நீட்டுவதும் தாடையைத் தூக்குவதும் ஒரு டெசிபெல்கூடத் தராது. உரக்கப் பேசும்போது வாக்கியம் குறுக வேண்டும் என்பதும் கணக்கில் சேரும். ஒகேனக்கல் அருவியின் இரைச்சலில் பரிசல்காரர்கள் பேசுவதைக் கேளுங்கள். "உட்காருங்க. அசையாதீங்க." இரண்டு இரண்டு சொல்தான். இரைச்சலில் நாம் அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை விளக்கி எழுதியதால் அவர் பெயராலேயே லொம்பார்டு விளைவு என்கிறார்கள். ஒலிபெருக்கிப் பாட்டு அலறும் விழாவில் பேசிவிட்டு வந்தால் மறுநாள் தொண்டை கட்டுவதற்கும் அதுவே காரணம். அங்கே பேச வேண்டியிருந்தால் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஏழாம் படி: மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் ஐந்து நிமிடம்

பயத்தில் மூச்சு நெஞ்சின் மேற்பகுதிக்கு ஏறிவிடும். தோள் உயரும், மூச்சு வேகமாகும். தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல் நுனி மரத்துப்போகும். இந்த நிலையில் "நன்றாக மூச்சை இழு" என்பது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவது.

நான் இப்போது சொல்வது, "மூச்சை விடு" என்பது மட்டும்தான். வாயைக் குவித்து, மெல்ல, இருக்கும் காற்றை வெளியே விடட்டும். பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்கட்டும். காற்று தானாக உள்ளே வரும். அப்படி வருகிற அளவே முதல் வாக்கியத்துக்குப் போதும். "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்பதற்கு எவ்வளவு காற்று வேண்டியிருக்கிறது?

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சிகளை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். யாருக்காவது கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்தி உட்காரவையுங்கள். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுக் கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கடைசிப் படி: தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள்

பயிற்சி முற்றியதா என்று தெரிந்துகொள்ள, மைதானத்தின் மறுகோடியில் ஒரு பிள்ளையைத் தாளும் பேனாவுமாக நிறுத்துகிறேன். பேசுகிறவர் மைக் இல்லாமல் பேசுவார். அந்தப் பிள்ளை உரை முழுவதையும் கேட்டு எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுத வேண்டும். முடிந்ததும் தாளை வாங்கிப் பார்ப்போம். விடுபட்ட சொல் எதுவோ, அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போய்ச் சாய்கோட்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடியும் பேசச் சொல்வேன்.